மழையில் நான் வெட்டிய வரப்புகள்

மரக்காணம்
26.10.2025, ஞாயிறு காலை

அன்புள்ள மகள் பூங்குழலிக்கு உன் அம்மா அம்சவல்லி எழுதிக்கொள்வது. உடம்புக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, இரண்டு வேளையும் சோறு இறங்குகிறது, முட்டி வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளை அருண்ராஜும் பிலாஸ்பூரில் குளிர் தொடங்குவதற்குள் கம்பளி வாங்கியிருப்பீர்கள், நல்லபடியாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். உடம்புக்குக் குறையில்லை என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். என் பயமெல்லாம் தலையைப் பற்றி. உள்ளே ஏதோ நழுவுகிறதோ என்று பதினேழு நாளாகப் பயந்துகொண்டிருக்கிறேன். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனில் நான் ஒன்று சொன்னால் நீ நாலு சொல்கிறாய், பாதியில் சிக்னல் போய்விடுகிறது, மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாரா இல்லையா என்பதும் தெரிவதில்லை. காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. நம் தெருச் சேட்டு வேறு உனக்குப் போன் செய்து என்னைப் பற்றிச் சொல்லப்போவதாக மிரட்டிக்கொண்டிருக்கிறான். நாளைக் காலை ஸ்பீட் போஸ்டில் போட்டுவிடுகிறேன். அதற்குள் அவன் முந்திக்கொண்டால் அவன் சொல்கிறதில் நடந்ததை மட்டும் நம்பு, ஏன் நடந்தது என்று அவன் சொல்வதை நம்பாதே. அது அவனுக்குத் தெரியாது.

முதலில் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உனக்கு ஒன்றும் விளங்காது. நம் தெருக் கோடியில் புயல் பாதுகாப்புக் கட்டடம் இருக்கிறதே, அதற்குப் பின்னால் பழைய உப்பளத்தின் ஓரமாக வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடந்த இடத்தை இந்த ஆடி மாதம் சுத்தம் செய்தார்கள். சேட்டுதான் முன்னால் நின்றான். என்னோடும் உன் அப்பாவோடும் அளத்தில் வேலை செய்த அதே சேட்டு, இப்போது தெருவுக்கே தலைவர் மாதிரி நடந்துகொள்கிறான். தெருவுக்குப் பொதுவாக ஒரு காய்கறித் தோட்டம், ஞாயிற்றுக்கிழமை தோறும் அதில் பயிற்சி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். சொல்லிக்கொடுக்க வருகிறவர் கலையரசன், பொம்மையார்பாளையத்துக்காரர், ஆரோவில் தோட்டங்களில் பதினைந்து வருஷம் வேலை செய்தவர், ஐம்பது வயது இருக்கும். நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தவர்களிடம் அதை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, கை மண்ணில் பட்டால்தான் இங்கே பாடம் என்றார். முதல் வாரம் மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறப்போட்டு உரம் செய்தார்கள், தெருவே நாறியது. இரண்டாம் வாரம் தேங்காய் நார்த்தூளை டிரேயில் நிரப்பி விதை போட்டார்கள். நம் பக்கத்து வீட்டுப் பவுலின்தான் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பேர் எழுதுகிறாள்.

நான் மூன்றாம் வாரம் போனேன், கற்றுக்கொள்ளப் போகவில்லை, சண்டை போடத்தான் போனேன். அந்த அளத்தில் முப்பத்தாறு வருஷம் வேலை செய்திருக்கிறேன், அறுபது வயதான ஆண்களுக்கு ஒரு வேட்டி துண்டாவது வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள், அந்த மரியாதைகூட இல்லாமல் என்னை நிறுத்தினார்கள், அந்த மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை என்னைக் கேட்காமல் தோட்டம் போடுகிறார்களே என்று எனக்கு ஆற்றாமை. எல்லார் முன்னாலும் கலையரசனைப் பார்த்து, "ஏம்பா, இது உப்பு மண்ணு, இதுல கத்திரிக்கா காய்ச்சா நான் மொட்ட அடிச்சிக்கிறேன்" என்றேன். அந்த ஆள் கோபப்படவில்லை. குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "நாக்குல வெச்சிப் பாத்து சொல்லுங்கம்மா, எந்த மூலையில ஜாஸ்தி, எந்த மூலையில கம்மி, எனக்கு அவ்ளோ நாக்கு கெடையாது" என்றார். நான் மூலைக்கு மூலை போய் நாக்கில் வைத்துச் சொன்னேன், அவர் பின்னாலேயே வந்து கடுமையான இடத்தில் சிவப்புத் துணி, சுமாரான இடத்தில் வெள்ளைத் துணி என்று குச்சி நட்டார். சேட்டு தூரத்தில் நின்றுகொண்டு, "அக்காவுக்கு இன்னிக்கி கொழம்புல உப்பே போடத் தேவல" என்று சிரித்தான். திட்டப் போனவளை அன்றைக்கே வேலைக்கு வைத்துக்கொண்டார் கலையரசன். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்.

அவர் போட்ட திட்டம் இதுதான், இதை நன்றாகப் படித்துக்கொள். நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து உயரமாக வரப்பு போட வேண்டும். ஐப்பசி மழை வரும்போது ஒரு சொட்டுத் தண்ணீரும் வெளியே போகாமல் பாத்திக்குள் கணுக்கால் அளவு நிறுத்த வேண்டும். நின்ற தண்ணீர் இறங்கும்போது மேல் மண்ணின் உப்பையும் கூட்டிக்கொண்டு கீழே போகும். இரண்டு மூன்று மழை இப்படி நிறுத்தினால் மார்கழியில் செடி நடலாம். எட்டுப் பாத்தி. மேடாக இருந்த நாலு பாத்திக்கு என்னிடம் வரப்பு போடச் சொன்னார், பள்ளத்தில் இருந்த நாலு மற்றவர்களுக்கு. அதற்கும் கீழே நாற்றுக் கொட்டகை, அறுநூறு நாற்று, கத்திரி, மிளகாய், தக்காளி, எல்லாம் டிரேயில். நான் கால்வாய்க் கரையிலிருந்து களிமண் கொண்டுவரச் சொல்லி, தண்ணீர் தெளித்து, குதிகாலால் மிதித்து மிதித்து வரப்பு எழுப்பினேன். அளத்துப் பாத்தியில் ஒரு கசிவு இருந்தால் அன்றைக்குக் கூலியில் கை வைப்பார்கள், அந்தப் பயத்தில் பழகிய கால் இது. பவுலின் பூசைக்குப் போகிறவள் மாதிரி மெதுவாக மிதித்தாள், "பவுலினு, மண்ணுக்கு வலிக்கும்னு பாக்கறியா" என்று கேட்டேன், எல்லாரும் சிரித்தார்கள். லேட்டாக வந்தவர்களுக்குக் கலையரசன் என்னையே விளக்கச் சொல்வார். "மழ வந்தா யாரும் வரப்புல கை வெக்காதீங்க, தண்ணி நிக்கணும்" என்று என் வாயாலேயே குறைந்தது பத்துப் பேருக்குச் சொல்லியிருப்பேன். இதை எழுதுவது பெருமைக்கில்லை பூங்குழலி. எனக்கு அந்தத் திட்டம் தெரியும், மற்ற எல்லாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும், அதை நீ மனசில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படிக்க வேண்டும்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்திருந்தேன். கூரை ஷீட் மேல் மழை விழுகிற சத்தம் கேட்டது. அளத்தில் மழை விழுந்தால் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும், நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து எத்தனை தடவை வரப்பில் நின்று பார்த்திருக்கிறாய். மழைத் தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம், மழை மேலே நிற்கும், காற்று அடித்து இரண்டும் கலப்பதற்குள் ஓடிப்போய் ஒவ்வொரு பாத்தியிலும் தாழ்ந்த மூலையில் வரப்பை நாலு விரல் ஆழம் வெட்டி மேல் தண்ணீரை வடித்துவிட வேண்டும், அப்புறம் அதே மண்ணால் மூட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் விளைந்த உப்பெல்லாம் கரைந்து பதினைந்து நாள் உழைப்பு போய்விடும். எனக்கு நினைவிருப்பதை மட்டும் எழுதுகிறேன், ஒன்றும் சேர்க்கவில்லை. மம்முட்டியின் கனம் நினைவிருக்கிறது. காலில் தண்ணீர் ஜில்லென்று பட்டது நினைவிருக்கிறது. நாளைக்கு உப்பு வாரவேண்டிய பாத்தியாயிற்றே, போகிறதே போகிறதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது நினைவிருக்கிறது. வீட்டிலிருந்து எப்படிப் போனேன், எந்த வழியாகப் போனேன், அது இல்லை. அடுத்து நினைவிருப்பது பவுலின் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அக்கா, யாரக் கூப்புடறீங்க, இங்க யாருமே இல்ல" என்று சொன்னது.

யாரைக் கூப்பிட்டேன் என்று பவுலின் பிறகு சொன்னாள். "இன்னாங்க, கீழ வரப்ப நீங்க வெட்டுங்க, மேல நான் பாத்துக்கிறேன்" என்று திரும்பத் திரும்ப உன் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறேன். அவர் போய் ஏழு வருஷம் ஆகிறது. பதில் வராததற்குத் திட்டியும் இருக்கிறேன். மேல் நாலு பாத்தியையும் வெட்டியிருந்தேன். நான் போட்ட களிமண் வரப்பு வெட்டிய அளவோடு நின்றது, ஆனால் அந்த நாலு பாத்தித் தண்ணீரும் ஒரே சமயத்தில் கீழே இறங்கியதில் மற்றவர்கள் மணலில் போட்டிருந்த வரப்பு நாலும் உடைந்துவிட்டது. கொட்டகைக்குள் முட்டி அளவு தண்ணீர். டிரேக்கள் மிதந்து ஈ.சி.ஆர். ரோடு வரைக்கும் போய்விட்டன. மேல் மண்ணின் உப்பெல்லாம் கரைந்து வந்து, எஞ்சிய நாற்றின் வேரிலும் நின்றுவிட்டது. அறுநூறு நாற்றில் இருபதுகூட மிஞ்சவில்லை, முதல் மழையும் போயிற்று. நான் மழையில் நனைந்துகொண்டு அதைப் பார்த்தபடி நின்றேன், எது அளம் எது தோட்டம் என்று இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக என் கண்ணுக்கு முன்னால் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு பயிற்சி நடக்கவில்லை, கூட்டம்தான் நடந்தது. சேட்டு எல்லாரையும் உட்கார வைத்துவிட்டு, "ஆரம்பத்துலேர்ந்தே இந்தத் தோட்டம் அக்காவுக்குக் கண்ண உறுத்துது, தன்ன கேக்காம செஞ்சிட்டோம்னு ஆங்காரம், கூடவே இருந்து குழி பறிச்சிட்டாங்க" என்றான். இன்னொருத்தி, "மொட்ட அடிச்சிக்கணுமேன்னு ஆயாவுக்கு பயம் வந்துடுச்சி போல" என்றாள், அதற்குச் சிலர் சிரித்தார்கள். கலையரசன் மட்டும் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பவுலின் முக்காட்டு நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறந்திருந்தால் விஷயம் அங்கேயே தெரிந்திருக்கும். நான் அவளை ஒரு முறை முறைத்துவிட்டு எழுந்து நின்று, "ஆமாம், நான்தான் வெட்டினேன், வேணும்னுதான் வெட்டினேன், இப்ப இன்னாங்கறீங்க" என்றேன். இனிமேல் அம்சவல்லி தோட்டத்துக்குள் வரக்கூடாது, பயிற்சிக்கும் வரக்கூடாது, அவள் மகளுக்கும் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானம் செய்தார்கள். தலையை நிமிர்த்திக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வந்ததும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ கேட்பாய். கெட்டவள் என்று சொன்னால் என்னால் பதில் பேச முடியும், நாற்பது வருஷமாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். புத்தி பிசகிவிட்டது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு நான் எது பேசினாலும் அது கணக்கில் வராது. கூலி குறைகிறது என்று சொன்னாலும், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொன்னாலும், பாவம் அது அப்படித்தான் என்று போய்விடுவார்கள். கால்வாய்க்கு அந்தப் பக்கத்துத் தெரு அருக்காணியை உனக்குத் தெரியும், என்னோடு உப்பு சுமந்தவள். அவளுக்கு மறதி வந்தபோது அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு மேலாக ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொள்வார்கள், அவள் அங்கே இல்லாத மாதிரி. நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். அந்தப் பாவம்தான் என்னைத் துரத்துகிறதோ என்னவோ. முப்பது வயதுக்கு மேல் உப்பு மூட்டையின் மேல் இருக்கிற எழுத்தையும் பஸ் போர்டையும் பார்த்துப் பார்த்து நானாக எழுதப் படிக்கக் கற்றவள் நான், ஒருத்தர் சொல்லித்தரவில்லை. அப்படிச் சேர்த்த தலை இது. அதை இன்னொருத்தர் பரிதாபமாகப் பார்க்கிறதை என்னால் பொறுக்க முடியாது.

ஆனால் தனியாக உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால் இது முதல் தடவை இல்லை என்று தோன்றுகிறது. சித்திரை மாதம் புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்தேன், மரக்காணத்தில் இறங்காமல் கடப்பாக்கத்தில் போய் இறங்கினேன், கண்டக்டர் ஊர் பேர் சொல்லவில்லை என்று அங்கேயே சண்டை போட்டேன். அவர் சொன்னார் என்று பக்கத்தில் இருந்த அம்மா சொன்னார்கள். ரேஷன் கார்டைக் காணோம், பவுலின்தான் எடுத்துத் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள் என்று அவளோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், அது அரிசிப் பானைக்குள் இருந்தது, நான் வைக்காமல் யார் வைத்திருப்பார்கள். உன்னிடம் போனில் ஒரு தடவை, நீ இன்னும் பள்ளிக்கூடத்தில் படிக்கிற மாதிரி, பாப்பா, பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்டுவிட்டேன், நீ சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய், நானும் விளையாட்டுக்குக் கேட்ட மாதிரியே விட்டுவிட்டேன். அப்போது நான் விளையாடவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்து என்னோடு நானே வாதாடி ஜெயித்திருக்கிறேன், இத்தனை வருஷமும் யாரிடமும் தோற்காதவள் இதில் தோற்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

கூட்டம் முடிந்து மூன்றாம் நாள் காலையில் கலையரசன் தனியாக வீட்டுக்கு வந்தார். சைக்கிளைச் சாத்திவிட்டு வாசலில் நின்றபடியே, "அம்மா, அந்த நாலு வெட்டையும் நான் உக்காந்து பாத்தேன்" என்றார். பார்த்தால் என்ன, பணம் கேட்க வந்தாயா என்றேன். "இல்லம்மா. கோவத்துல வெட்டறவங்க நடுவுல வெட்டுவாங்க, மண்ண தூக்கிக் கடாசுவாங்க. நீங்க நாலுத்துலயும் தாழ்ந்த மூலையாப் பாத்து, நாலு வெரலு அளவா வெட்டி, வெட்டின களியப் பக்கத்துலயே அடுக்கி வெச்சிருக்கீங்க. திரும்ப மூடறதுக்குத்தான அப்பிடி வெப்பாங்க. கெடுக்கணும்னு வந்தவங்க எதுக்கும்மா மூடறதுக்கு மண்ணு எடுத்து வெக்கணும்" என்று கேட்டார். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த நேரத்துல நீங்க எங்க இருக்கறதா நெனச்சீங்க" என்றார். வெளியே போ என்று கத்தினேன், இன்னும் மோசமாகவும் ஏதோ சொன்னேன், அதை எழுத வேண்டாம். அவர் போய்விட்டார். போகும்போதுகூட முகத்தில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தெருவில் அத்தனை பேரில் ஒருத்தர் மட்டும் என் கை வேலையைப் படித்துப் பார்த்துவிட்டார், இனி அதற்குப் பொய் சொல்லி மூட முடியாது என்று தெரிந்துவிட்டது.

அன்றைக்கே பவுலினிடம் போய் மழையில் நான் பேசியதை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னாள். "உங்க பொண்ணு கேட்டா நான் இன்னாக்கா சொல்றது" என்று அவளுக்கும் பயம். பிறகு அவளே வெள்ளிக்கிழமை என்னைப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். டாக்டர் சின்ன வயசு, நான் அவரோடும் சண்டை போட்டேன் என்று பவுலின் உனக்குச் சொன்னால் அது உண்மைதான். என்ன கிழமை, என்ன மாதம் என்றெல்லாம் கேட்டார், சரியாகச் சொன்னேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், ஒரு இடத்திலும் தப்பவில்லை, அவரே நிமிர்ந்து பார்த்தார். கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தேன். முதலிலேயே மூன்று வார்த்தை சொல்லி நினைவில் வைக்கச் சொல்லியிருந்தார், கடைசியில் கேட்டபோது நாற்காலியும் மாம்பழமும் வந்தது, மூன்றாவது வரவில்லை. இன்றுவரை வரவில்லை. பவுலினுக்குத் தெரியும், அவள் சொல்லக்கூடாது என்று தடுத்து வைத்திருக்கிறேன். சத்துக் குறைவாலும் இப்படி வரலாம், தைராய்டாலும் வரலாம், மருந்தில் சரியாகும், வேறு மாதிரியும் இருக்கலாம், இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டர். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அடுத்து வர வேண்டியது நவம்பர் பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. அன்றைக்கு என்னிடம் கேட்க ஒன்றும் இல்லையாம், என்னை நெடுநாளாகத் தெரிந்த ஒருத்தரிடம் கேட்க வேண்டுமாம். முன்னால் இவர் எப்படி இருந்தார், இப்போது என்ன மாறியிருக்கிறது என்று ஒரு பட்டியல் கேள்வி வைத்திருக்கிறார். பவுலின் போதாதா என்று கேட்டேன். தினம் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் சரியாகத் தெரியாது, விட்டுவிட்டுப் பார்க்கிறவர்கள் இருந்தால் நல்லது என்றார்.

நீ கடைசியாக வந்து பதினாலு மாதம் ஆகிறது. பொங்கலுக்கு வரவில்லை, அப்பாவின் திதிக்கு வரவில்லை, லீவு இல்லை என்றாய், ரயில்வேக்காரிக்கு ரயில் கிடைக்கவில்லை என்று தெருவில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை, தீர்ந்ததாக நினைத்துக்கொள்ளாதே. ஆனால் நீ அத்தனை நாள் வராமல் இருந்ததாலேயே இப்போது உன்னால்தான் சொல்ல முடியும் என்று ஆகிவிட்டது. பதினாலு மாதத்துக்கு முன்னால் பார்த்த அம்மா உன் கண்ணில் அப்படியே இருப்பாள், அவளையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இந்த ஊரில் யாராலும் ஆகாது.

இன்றைக்கு ஞாயிறு, இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தோட்டத்தில் பயிற்சி நடக்கிறது, சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. உடைந்த வரப்பைத் திரும்பக் கட்டுகிறார்கள். மிதிக்கிற சத்தத்தை வைத்தே சொல்கிறேன், தண்ணீர் போதவில்லை, மண் பிடிக்காது. போய்ச் சொல்லக் கால் துடிக்கிறது, போகமாட்டேன், சேட்டு வந்து கூப்பிட்டாலும் போகமாட்டேன். அவன் கூப்பிடவும் மாட்டான். வடக்கே கருத்திருக்கிறது. இத்தனை வருஷமும் மழை என்றால் உப்புக்காகப் பயந்தேன், இப்போது மேகத்தைப் பார்த்தால் என்னை நினைத்துப் பயமாக இருக்கிறது. மம்முட்டியைப் பவுலின் வீட்டில் கொடுத்துவிட்டேன். தூறல் விழுந்தால் அவள் ஓடிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுகிறாள், நான் எழுந்தால் கையைப் பிடிக்கிறாள். நேற்று முன்தினம் பிடித்தபோது அவளைக் கடிந்துகொண்டேன், தண்ணீர் குடிக்கத்தான் எழுந்தேன், ஆனால் எதற்காக எழுந்தேன் என்று அவள் கேட்ட அந்த ஒரு நொடி எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

ஆகவே நீ வர வேண்டும். சில விஷயம் இப்போதே சொல்லிவிடுகிறேன், வந்த பிறகு பேரம் பேசாதே. என்னை பிலாஸ்பூருக்கு அழைத்துப்போகிற பேச்சை எடுக்கக்கூடாது. அந்தக் குவார்ட்டர்ஸில் மூன்றாம் மாடியில், பாஷை தெரியாத இடத்தில், கதவைப் பூட்டிக்கொண்டு நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனால் எனக்கு இருக்கிற கொஞ்ச நிதானமும் போய்விடும். இங்கே வழி தப்பினாலும் என்னைக் கையைப் பிடித்து வீட்டில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், என்னைத் திட்டுகிறவர்கள்கூட விடுவார்கள். சேட்டுவிடம் நீ போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கவும் கூடாது. சொல்ல வேண்டிய நாள் வந்தால் நானே சொல்வேன், கலையரசனிடம் முதலில் சொல்வேன், அவரை நான் பேசியது தப்பு. மாப்பிள்ளையிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம், மறைத்தால் தலைவலி என்று மறை, வேறு பொய் சொல்லாதே.

கடைசியாக ஒன்று, இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். டாக்டர் உன்னைக் கேட்கும்போது எனக்காக வக்காலத்து வாங்காதே. எங்கம்மா எப்பவுமே இப்படித்தான் டாக்டர், எல்லாரோடும் சண்டை போடுவாங்க, அது நோய் இல்லை என்று சிரித்து மழுப்பிவிடாதே. நீ அப்படித்தான் சொல்வாய் என்று எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்தே என்னை யாராவது குறை சொன்னால் உனக்குப் பொறுக்காது. மாறியிருந்தால் மாறியிருக்கிறது என்று சொல். எத்தனை கேள்வி கேட்கிறாரோ அத்தனைக்கும் நிஜத்தைச் சொல். நீ என்ன சொல்லப்போகிறாய் என்று நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தெரியாமல் இப்படி மேகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் இன்னும் கொஞ்ச நாள்கூடத் தாங்க முடியாது. பதில் சொல்லும்போது டாக்டரைப் பார்த்தே சொல். என் முகத்தைப் பார்க்காதே, பார்த்தால் பொய் சொல்லிவிடுவாய்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடும், வேலையில் நல்ல பேரோடும், ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்காமலும் இருக்க வேண்டும் என்று நம் குலதெய்வத்தைக் கும்பிட்டு உங்கள் இருவருக்கும் என் ஆசியை இதில் வைத்து அனுப்புகிறேன். பதினாறாம் தேதிக்குள் இங்கே வந்து சேருகிற மாதிரி டிக்கெட்டை இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே எடுத்துவிடு, மழைக் காலம், சென்னையிலிருந்து வருகிற பஸ் தாமதமாகும். பதில் கடிதம் வேண்டாம், நீயே வா.

இப்படிக்கு,
உன் வரவுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா
சி. அம்சவல்லி